நாக்கில் இனிப்புத் தட்டும் பதம்

1. முதல் நாள்

பட்டறையில் என் முதல் நாள் காலை, முதலாளி மாதேஷ் ஒரு எவர்சில்வர் டம்ளரில் வார்னிஷ் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். சுண்டுவிரலை அதில் தொட்டு நாக்கில் தடவிக்கொண்டார்.

“கம்பெனி வார்னிஷ இப்புடி நக்கச் சொல்லுங்க மேடம் பாக்கலாம்,” என்றார்.

அதற்கு முன் நான் ஓசூர்ப் பக்கம் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்தேன். அங்கே டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாலே சூப்பர்வைசர் திட்டுவார். இங்கே முதலாளியே நக்கிக் காட்டுகிறார். ஆனால் வேலையில் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சிரித்துவைத்தேன்.

வீணையும் தம்பூராவும் செய்யும் பட்டறை அது. தருமபுரிப் பக்கம் இண்டூரிலிருந்து சற்றுத் தள்ளி, பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை ஒன்றில் நடக்கிறது. பலா மரம் வெளியூரிலிருந்து வரும். குடம் குடைவதும் யாளி முகம் செதுக்குவதும் ஒரு பக்கம், மெருகு போடுவது மறுபக்கம். மெருகுப் பக்கத்துக்குத்தான் என்னை எடுத்தார்கள். முந்தைய மழைக்காலத்தில் சில வீணைகள் காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிட்டனவாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் வேறு, வார்னிஷில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டிருந்தார். கம்பைநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரம் என்பதால் எனக்கும் வசதியாக இருந்தது.

எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்குப் புரியும். அன்று எழுதியது இது:

– ஆளிவிதை எண்ணெய். செக்கில் ஆட்டியது.
– குங்கிலியம். தனியாக உருக்கி எண்ணெயில் சேர்ப்பது.
– டர்பன்டைன். அடுப்பிலிருந்து இறக்கியபின் இளக்குவதற்கு.
– கல். என்ன கல்?

நான்காவதை மாதேஷ் தானே பொட்டலத்தில் கொண்டுவந்து, தானே பொடித்து, கொதிக்கும் எண்ணெயில் தூவுவார். எண்ணெய் நுரைத்து எழும்பி, அடங்கி, பழுப்புச் சிவப்பாகும். பெயரைக் கேட்டதற்கு, “அது எங்கப்பாரு குடுத்துட்டுப் போன சொத்துங்க. நாட்டு மருந்துக்கடைச் சரக்குதான். மருந்துக்கு வாங்குற கல்லு. அதுக்கு மேல கேக்காதீங்க,” என்றார்.

கேட்கவில்லை. தொழில் ரகசியம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஆனால் அந்தக் கல் என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்தது. வெறும் ஆளிவிதை எண்ணெய் காய நாள் கணக்கில் ஆகும். இங்கே மாலையில் பூசியதை மறுநாள் காலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடிந்தது. எண்ணெயைச் சீக்கிரம் உலரவைக்கும் உலோகம் ஏதோ அதில் இருக்க வேண்டும். அதற்கு ஆகக்கூடிய உலோகங்கள் சில உண்டு, எல்லாமே விஷமல்ல. எது என்று மட்டும் தெரியவில்லை.

2. கோவிந்தம்மாவின் நாக்கு

மெருகுப் பக்கத்தில் இருந்தவர் கோவிந்தம்மா. நாற்பதை நெருங்குகிறவர். கணவர் லாரி ஓட்டப்போய் மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். பூசுவதும் காய்ந்தபின் தேய்ப்பதும் துடைத்து மறுபடி பூசுவதும் கோவிந்தம்மாதான். தேய்க்கும்போது மஞ்சள் கலந்த தூசி எழும். முந்தானையை மூக்குக்குக் குறுக்கே இழுத்துவிட்டுக்கொள்வார். அவ்வளவுதான் பாதுகாப்பு.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. கல் போட்டபின் எண்ணெய் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை ஓட்டுத்துண்டில் விட்டு ஆறவைப்பார். விரலால் எடுத்து நாக்கில் வைப்பார். முதலில் குங்கிலியத்தின் கசப்பு. அது போனபின் நாக்கின் ஓரத்தில் லேசாக இனிப்புத் தட்டினால் பதம். தட்டாவிட்டால் இன்னும் கொதிக்க வேண்டும். மாதேஷின் அப்பா வைத்த முறை. மாதேஷுக்குப் புகையிலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துவிட்டதால் இந்த வேலை கோவிந்தம்மாவுக்கு வந்திருந்தது. அவர் சொன்ன பதம் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று மாதேஷே சொல்வார்.

குடம் குடையும் முனுசாமிதான் பட்டறையில் மூத்தவர், மாதேஷின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். கோவிந்தம்மாவைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

“அவ வூட்டுல பொங்கலுக்கு வெல்லமே வாங்கறதில்ல பாப்பா. இங்கருந்து ஒரு சொம்பு மொண்டுக்கினு போயிடுவா.”

“உனக்கும் ஒரு கரண்டி ஊத்தறேன் வா மாமா. மூஞ்சிதான் அப்புடி. வவுறாச்சும் பளபளன்னு இருக்கட்டும்.”

கோவிந்தம்மா இப்படிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சாப்பாட்டு வேளையில் பாதிச் சோற்றை மூடி வைத்துவிடுவார். வயிற்றில் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல வலி வருகிறது என்றார். மருந்துக்கடையில் கேஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். வெளிக்குப் போவதே அபூர்வமாகிவிட்டது என்று ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார். ரத்தம் குறைவு என்று வேறொரு மருந்துக்கடையில் டானிக் கொடுத்தார்களாம். முகம் வெளுத்திருந்தது. நிற்காமல் வேலை செய்கிற, சரியாகச் சாப்பிடாத பெண்கள் எல்லாருமே அப்படித்தான் இருக்கிறார்கள். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

3. பெங்களூர்க்காரர்கள் வந்த நாள்

பட்டறைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஒரு வீடியோ. நான் சேர்வதற்கு முன்பே எடுத்தது. கோவிந்தம்மா புது வீணைக்குப் பக்கத்தில் நின்று, வார்னிஷைத் தொட்டு நாக்கில் வைத்துச் சிரிக்கிறார். பின்னாலிருந்து மாதேஷ், “பாருங்க, சுத்தமா கெமிக்கலே கெடையாது,” என்கிறார். நிறையப் பேர் பார்த்தார்கள், நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாரும் நேரிலும் அதைப் பார்க்க விரும்பினார்கள். வாடிக்கையாளர் வரும் நாளில் கோவிந்தம்மா நல்ல புடவை கட்டி வருவார்.

அன்று பெங்களூரிலிருந்து ஒரு கணவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு வீணை பார்க்க வந்திருந்தார்கள். மரம், தந்தி எல்லாம் கேட்டு முடித்ததும் அந்த அம்மா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அந்த அக்கா டேஸ்ட் பண்ணிக் காட்டுவாங்களே?” என்றார்.

மாதேஷ் டம்ளரை நீட்டினார். கோவிந்தம்மா வலது கையின் ஆள்காட்டி விரலை அதில் தொட்டார். வாய்க்குக் கொண்டுபோக முழங்கையை மடக்கினார். முன்கை மேலே வந்தது. மணிக்கட்டு நிமிரவில்லை. கை அங்கிருந்து மடிந்து, ஐந்து விரலும் தரையைப் பார்த்துத் தொங்கின. வார்னிஷ் விரல் நுனியில் திரண்டு புடவைமேல் சொட்டியது.

“அக்காவுக்கு இன்னிக்கு வெக்கம்,” என்று மாதேஷ் சிரித்தார்.

கோவிந்தம்மாவும் சிரித்தார். இடது கையால் வலது மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கித் தூக்கி, விரலை வாய்க்குக் கொண்டுபோனார். ஏதோ மரியாதைக்கு இரண்டு கையாலும் செய்கிறார் என்று நினைத்து அந்தச் சிறுமி கை தட்டினாள். வீணைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கார் கிளம்பியதும் நான் கோவிந்தம்மாவைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கையை நீட்டச் சொன்னேன். நீட்ட முடிந்தது, மணிக்கட்டை நிமிர்த்த முடியவில்லை. இடது கை சரியாக இருந்தது.

“பஸ்ல கம்பியப் புடிச்சா நழுவுது பாப்பா. கோலப்பொடி கிள்ள வரமாட்டேங்குது. ராத்திரியில கையிமேல படுத்துட்டேன் போலன்னு உட்டுட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மாதேசு அண்ணங்கிட்ட சொல்லிடாத. கையி போச்சின்னு தெரிஞ்சா வேலையும் போயிடும். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான்,” என்றார்.

பெயிண்ட் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். சுவரில் ஒரு சார்ட் மாட்டியிருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன், வெளுத்த முகத்தோடு ஒருவன், கடைசிப் படத்தில் மணிக்கட்டு தொங்கிய ஒரு கை. தலைப்பு: காரீயம். நாங்கள் அதை லெட் என்போம்.

4. கல்லின் பெயர்

மாதேஷின் அறைக்குப் போய், கல்லின் பெயர் என்ன என்று கேட்டேன். இந்த முறை ஏன் கேட்கிறேன் என்பதையும் சொன்னேன். பட்டறையில் வேறு எதிலும் காரீயம் வர வழியில்லை என்றேன்.

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: “மிருதார்சிங்கி.”

செல்போனில் தேடிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. காரீயம் ஆக்சைடு. கொதிக்கும் எண்ணெயில் அது கரைந்துவிடும். கரைந்த காரீயத்துக்கு இனிப்புச் சுவை உண்டு. பதம் என்று அவர்கள் நாக்கில் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த இனிப்பு தட்டாத சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள், தட்டும்வரை.

அதையும் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நிதானமாக, எனக்குப் புரியவைக்க வேண்டும் என்பதுபோலப் பேசினார்.

“மருந்துக்கடையில விக்கிறது எப்புடிங்க வெசமாவும்? எங்கப்பாரு வாழ்நாள் பூரா இதைத்தான் காச்சினாரு, நக்கினாரு. எழுவது தாண்டித்தான் போனாரு.”

கதவு திறந்திருந்தது. வெளியே குடத்தின் உட்புறம் செதுக்கிக்கொண்டிருந்த முனுசாமி உளியைக் கீழே வைத்தார்.

“மாதேசு,” என்றார். முதலாளியைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “கடைசியில பெரியவருக்குச் சோறு ஊட்டுனது யாருப்பா?”

முனுசாமியே பதிலையும் சொன்னார்.

“ரெண்டு கையும் தொங்கிப்போச்சி. வாதம்னு சொல்லி எண்ணெ தேச்சோம். நாந்தான் ஊட்டுனேன். நீ பக்கத்துல குந்திக்கினு தண்ணி குடுத்த.”

முனுசாமி உளியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மாதேஷ் மேசைமேல் இருந்த வார்னிஷ் டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

5. பெரிய ஆஸ்பத்திரி

மறுநாள் கோவிந்தம்மாவைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மாதேஷ்தான் கார் ஓட்டினார்.

டாக்டர் கையைப் பார்த்ததும், பேட்டரி வேலையா என்று கேட்டார். இல்லை. பெயிண்ட் அடிக்கிற வேலையா? இல்லை. “எல்லாம் இயற்கைப் பொருள்தாங்க,” என்று கோவிந்தம்மா சொன்னார். வாடிக்கையாளரிடம் சொல்லிச் சொல்லி அந்தப் பதில் தானாகவே வந்தது. நான் கல்லின் பெயரைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பி முடிவு வந்தது. இருக்கக்கூடிய அளவைவிடக் காரீயம் பல மடங்கு. உடனே சேர்த்துக்கொண்டு, காரீயத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்தார்கள். வயிற்று வலி முதலில் குறைந்தது. கையைப் பற்றி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

“நரம்பு மெதுவாத்தாம்மா திரும்பும். எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா அந்தப் பொருள் பக்கம் மறுபடி போனா, வந்ததும் போயிடும்.”

கோவிந்தம்மா என்னைப் பார்த்து, “அப்ப தேய்க்கிற வேல?” என்றார். டாக்டர் பதில் சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

மற்றவர்களுக்கும் ரத்தம் பார்த்தோம். மாதேஷுக்கும் இருந்தது, கோவிந்தம்மா அளவுக்கு இல்லை. மரத்துப்போன நாக்கு அவரைக் காப்பாற்றியிருந்தது.

அதன்பின் பட்டறையில் செய்தவை:

– கல் நிறுத்தப்பட்டது. கல் இல்லாத எண்ணெயை வெயிலில் வைத்துத் தடிக்கவிட்டுப் பூசினோம். காய வெகுநாள் ஆயிற்று.
– அவசர ஆர்டருக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த மெருகு.
– உப்புத்தாளை ஈரமாக்கித்தான் தேய்ப்பது. தூசி பறக்கக்கூடாது.
– கொட்டகையைப் பெருக்கக்கூடாது, தண்ணீர் விட்டுத் துடைப்பது.
– வேலை இடத்தில் சாப்பாடு கூடாது. வேலைத் துணியோடு வீட்டுக்குப் போகக்கூடாது.
– மேசைமேல் டம்ளர் கூடாது.

முடியாமல் போனது ஒன்று. ஏற்கெனவே விற்ற வீணைகளை வாங்கியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். பூசிக் காய்ந்ததைத் தொடுவதால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் யாராவது பழுது பார்க்கும்போது உலர்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூசி அவர் மூச்சில் போகும். மாதேஷ் மறுத்துவிட்டார். “சொன்னா நாளைக்கே கதவ சாத்திட்டுப் போவ வேண்டியதுதாங்க. இங்க இருக்கிற எல்லாரும்,” என்றார். அந்த வீடியோவைத் தன் பக்கத்திலிருந்து நீக்கினார். பகிர்ந்தவர்களிடம் அது இருக்கிறது. விற்ற வீணைகளைப் பற்றி மாதந்தோறும் கேட்கிறேன். இதை எழுதும்வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

6. மறுபடியும் ஒரு பொட்டலம்

மழைக்காலம் வந்தது. கல் இல்லாத வார்னிஷ் காயவே இல்லை. நவராத்திரிக்குக் கேட்டவர்களில் சிலர் ஆர்டரை ரத்துசெய்தார்கள். ஒருநாள் காலை மாதேஷ் மெருகுப் பக்கம் வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை அடுப்பு மேடையில் வைத்தார்.

“இந்த ஒரு தடவ மட்டும். நக்க வேணாம். மேடம்தான் தர்மாமீட்டர் வாங்கி வச்சிருக்காங்களே.”

நான் செய்யமாட்டேன் என்றேன். தர்மாமீட்டர் எண்ணெயின் சூட்டைச் சொல்லும், கல் கரைந்ததா என்று சொல்லாது. சொன்னாலும் அதைப் பூசித் தேய்க்க இங்கே ஒருவர் வேண்டும் என்றேன்.

“அதாங்க நானும் கேக்கறேன்,” என்றார் முனுசாமி. “யாரு தேய்க்கிறது? யாரு பதம் பாக்கறது?”

கோவிந்தம்மா அப்போது வேலைக்குத் திரும்பியிருந்தார், மெருகுக்கு அல்ல. கொட்டகையின் மறு கோடியில், வலது மணிக்கட்டைத் தாங்கும் பட்டை கட்டிக்கொண்டு, வீணைத் தந்திகளை இடது கையால் சுருட்டி உறையில் போடும் வேலை. எழுந்து வந்தார். பட்டை கட்டாத கையை நீட்டினார்.

“குடுங்கண்ணா, நானே பாக்கறேன். இந்தக் கையி இன்னும் நல்லாத்தான இருக்குது. கடைய மூடிட்டா அல்லாரும் எங்க போறது?”

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்த எங்களுக்குத் தெரியும். நிஜமாகவே செய்யத் தயாராக நின்றார்.

மாதேஷ் அந்த இடது கையைப் பார்த்தார். பொட்டலத்தை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்று, கடைசியில் என்னிடம் கொடுத்தார். குப்பையில் போடக்கூடாது, கிணற்றில் போடக்கூடாது, மண்ணில் புதைக்கவும் கூடாது. மூடி இறுகும் டப்பாவில் போட்டு, டேப் சுற்றி, பெயரெழுதி, பூட்டுள்ள அலமாரியில் வைத்தேன். முறையாக ஒப்படைக்க இடம் கிடைக்கும்வரை அது அங்கேதான் இருக்கும். சாவி என்னிடம் இருக்கிறது. வேறு வேலைக்குக் கூப்பிட்டபோதும் நான் போகாததற்கு அந்தச் சாவியும் ஒரு காரணம்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

மெருகு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது சில விஷயங்கள்தான். இயற்கை, பாரம்பரியம், வீட்டில் காய்ச்சியது என்று எதைச் சொன்னாலும், அதை உலரவைப்பது எது என்று கேளுங்கள். ரகசியம் என்றால், பெயர் தெரியும்வரை அதைத் தொடாதீர்கள். நாட்டு மருந்துக்கடையில் கிடைப்பது எல்லாம் வாயில் வைக்கத்தக்கது அல்ல. பட்டறையில் யாருக்காவது வயிறு வலித்தால் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் நுழைந்ததும் பொருளின் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் போடுங்கள்: இதை யார் தேய்க்கிறார்கள், யார் பெருக்குகிறார்கள், யார் நாக்கில் வைக்கிறார்கள்.

கோவிந்தம்மாவின் மணிக்கட்டு இப்போது பாதி நிமிர்கிறது. டம்ளரைப் பிடிக்க முடிகிறது, உப்புத்தாளைப் பிடிக்க முடியவில்லை. இதற்குமேல் வருவது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன முறை செக்கப்புக்கு நானும் கூடப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கோவிந்தம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு செல்போனைத் தடவி எதையோ தேடி எடுத்தார்.

“நீங்கதானங்க இது? வீணைக்குப் பூசறத நக்குறீங்களே?”

கோவிந்தம்மா திரையைப் பார்த்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, நிமிர்ந்த கையோடு, தானே சிரித்துக்கொண்டிருப்பதைக் கடைசிவரை பார்த்தார்.

“ஆமாங்க. நாந்தான்.”

“நெசமாவே வாயில வைக்கலாங்களா? எப்புடி இருக்கும்?”

கோவிந்தம்மா வலது கையை மடியிலிருந்து இடது கையால் எடுத்து, அந்தப் பெண் பார்க்கும்படி பெஞ்சின்மேல் வைத்தார்.

“இனிக்குங்க,” என்றார். “இனிச்சா துப்பிடுங்க.”